பெட்ரோல் ஸ்கூட்டரை மின்சாரத்துக்கு மாற்றியாயிற்று, ஆனால் ஓடவில்லை: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

பழைய ஸ்கூட்டரின் எஞ்சினை இறக்கிவிட்டு, பின்சக்கரத்தின் நடுவிலேயே அமரும் ஹப் மோட்டாரும் டேங்க் இருந்த இடத்தில் பேட்டரியும் வைத்துவிட்டீர்கள். ஒயர் எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி பேசவே மாட்டேன் என்கிறது. அல்லது ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. அந்த நேரத்துக்கானது இந்தக் குறிப்பு.

என் முதல் வண்டி அசையாமல் நின்றபோது நேராகக் கண்ட்ரோலர் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மேல் பழியைப் போட்டேன். புதிது ஒன்று வாங்கி மாட்டினேன், அதுவும் அசையவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. பின் பிரேக் பெடலுக்கு அடியில் இருந்த பழைய சுவிட்ச் துருவேறி ஒட்டிக்கொண்டு, நான் பிரேக்கை மிதித்தபடியே இருப்பதாகக் கண்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை. மோட்டாரும் கண்ட்ரோலரும் நாம் நினைப்பதைவிடக் கெட்டியானவை. இணைப்புகளும், பெட்ரோல் காலத்திலிருந்து அப்படியே விட்டுவைத்த பழைய பாகங்களும்தான் நம்மைப் படுத்துகின்றன.

கையில் ஒரு மல்டிமீட்டர் போதும். 200 வோல்ட் டிசி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். '72 வோல்ட் பேட்டரி' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக 20 வரிசையில் இருந்தால் முழு சார்ஜில் 84 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 24 வரிசையில் இருந்தால் முழு சார்ஜில் 87.6 வோல்ட். இரண்டுமே 60 வோல்ட் பக்கம் வந்தால் காலி என்று அர்த்தம்.

கை வைக்கும் முன்

பின்சக்கரம் தரையைத் தொடக் கூடாது. அந்தக் காலத்து சென்டர் ஸ்டாண்டை நம்பாதீர்கள். தரைத் தகட்டுக்குக் கீழே கனமான மரக்கட்டை கொடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இந்த வோல்டேஜில் ஷாக்கைவிட ஷார்ட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்: பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் உலோகம் உருகித் தெறிக்கும். அதனால் ஸ்பேனரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியைப் பிரித்த பிறகும் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்களில் சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

சாவி போட்டால் எதுவுமே இல்லை

பேட்டரியின் வெளி கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யமோ ஏதோ அரைகுறை எண்ணோ காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் மின்சுற்று) வழியை அடைத்திருக்கிறது. செல்கள் செத்துவிட்டன என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கனெக்டரை மாட்டும்போது 'பட்' என்று ஒரு பொறி வந்ததா? கண்ட்ரோலரின் கப்பாசிட்டர்கள் காலியாக இருந்து, ஒரே நொடியில் ஏகப்பட்ட கரண்டை இழுத்திருக்கும். பி.எம்.எஸ். அதை ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொண்டிருக்கும். சார்ஜரை ஒரு கணம் செருகி எடுத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். அப்புறம் இதற்கு நிரந்தர வழி செய்யுங்கள்: முதலில் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக இரண்டு மூன்று நொடி கரண்டை விட்டு, பிறகு முழு இணைப்பைக் கொடுக்கலாம். பொறி வராதபடி உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த எக்ஸ்டி90 கனெக்டரும் கிடைக்கிறது.

பேட்டரியில் வோல்டேஜ் சரியாக இருந்தால் அடுத்து ஃபியூஸ். வீட்டு ஏசி லைனுக்கான சர்க்யூட் பிரேக்கரை இங்கே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். டிசியில் கரண்ட் பூஜ்யத்தைக் கடந்து போவதில்லை. அதனால் அந்த பிரேக்கர் திறந்தாலும் உள்ளே பொறி அணையாமல் எரியலாம். டிசிக்கென்று, உங்கள் பேட்டரி வோல்டேஜுக்கு மேல் குறிக்கப்பட்டதுதான் வேண்டும்.

அடுத்தது சாவி சுவிட்ச். இதில் விழாதவர்கள் குறைவு. மேக்னெட்டோ (எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் பாகம்) வைத்த பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் சுவிட்சின் வேலை தலைகீழ். எஞ்சின் ஓடும்போது அதன் முனைகள் திறந்திருக்கும். நிறுத்தும்போது அவை மூடி, இக்னிஷனை பாடியோடு எர்த் செய்து அணைக்கும். அதை அப்படியே கண்ட்ரோலரின் சாவி ஒயரில் கோர்த்தால், 'ஆஃப்' நிலையில்தான் வண்டி ஆன் ஆகும். அதைவிட மோசம், அந்த மெல்லிய சாவி ஒயரில் வருவது முழு பேட்டரி வோல்டேஜ். சுவிட்சின் மறுமுனை பாடியில் இருந்தால் எல்லாம் பாடிக்குப் போய்விடும். பழைய சாவி அழகாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது 12 வோல்ட் ரிலே ஒன்றை மட்டும் இயக்கட்டும். பேட்டரி வோல்டேஜைத் தாங்கும் அந்த ரிலேயின் முனைகள் கண்ட்ரோலரை எழுப்பட்டும்.

சாவி ஒயரிலும் வோல்டேஜ் வருகிறது, ஆனாலும் உயிர் இல்லையா? ஆக்ஸிலேட்டர் கனெக்டரில் சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஆக்ஸிலேட்டர், ஹால் சென்சார் (மோட்டாருக்குள் காந்தம் இருக்கும் இடத்தைச் சொல்வது) கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, ஷார்ட் அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் வராதபோது மட்டும் கண்ட்ரோலரைச் சந்தேகப்படலாம்.

விளக்கு எரிகிறது, டிஸ்பிளே வருகிறது, திருகினால் அசையவில்லை

முதல் வேலை, இரண்டு பிரேக் சுவிட்ச் கனெக்டர்களையும் கழற்றுவது. என் இரண்டு வாரக் கதையை மேலே சொல்லிவிட்டேன். சைடு ஸ்டாண்டு சென்சார் இருந்தால் அதையும் கூடவே பாருங்கள். கழற்றியதும் ஓடினால் சுவிட்சை மாற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். கழற்றியபடியே ஓட்டாதீர்கள்.

பிறகு ஆக்ஸிலேட்டரின் சிக்னல் ஒயர். விட்டிருக்கும்போது 0.8 முதல் 1 வோல்ட், முழுவதும் திருகினால் 3.5 முதல் 4.2 வோல்ட் வரை சீராக ஏற வேண்டும். விட்டிருக்கும்போதே 1.5, 2 என்று காட்டினால் கண்ட்ரோலர் கிளம்ப மறுக்கும். சாவி போட்டதும் வண்டி பாயாமல் இருப்பதற்கான காவல் அது. பழைய கைப்பிடியையும் கேபிளையும் வைத்துக்கொண்டு, மறுமுனையில் சென்சார் பெட்டி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். காய்ந்துபோன கிரீஸில் கேபிள் முழுதாகத் திரும்பி வராது. கார்ப்பரேட்டரில் ஸ்பிரிங் பலமாக இழுத்தது. சென்சார் பெட்டியின் ஸ்பிரிங் அவ்வளவு இழுக்காது. புது கேபிள், புது உறை, கொஞ்சம் எண்ணெய். தீர்ந்தது.

தானாக ஓடுகிறது, அல்லது விட்டாலும் நிற்கவில்லை

இது வந்தால் வண்டியைத் தரையில் இறக்கவே கூடாது. பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரின் கருப்பு ஒயர் எங்கோ அறுந்திருக்கும். கருப்பு போனால் சிக்னல் 5 வோல்டை நோக்கி ஏறும். கண்ட்ரோலர் அதை முழுத் திருகல் என்று எடுத்துக்கொள்ளும். வரம்பு மீறிய சிக்னலைக் கண்டால் நின்றுவிடும் கண்ட்ரோலர்களும் உண்டு. உங்களுடையது அப்படியா என்று சக்கரத்தைத் தூக்கி வைத்தே சோதியுங்கள்: சாவி ஆனில் இருக்கும்போது கருப்பை மட்டும் பிரித்துப் பாருங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால், வலது கைக்கு எட்டும் இடத்தில் ஒரு அவசர சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

உறுமுகிறது, நடுங்குகிறது, முன்னே போகவில்லை

பெரும்பாலான புது மாற்றங்களில் முதல் நாள் காட்சி இதுதான். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஃபேஸ் ஒயர்களும் ஐந்து மெல்லிய ஹால் ஒயர்களும் வருகின்றன. காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஹால் சென்சார்கள் சொல்ல, அதற்கேற்ப கண்ட்ரோலர் ஃபேஸ்களுக்குக் கரண்ட் கொடுக்கிறது. இரண்டின் வரிசையும் பொருந்தாவிட்டால் ஒன்று முன்னே இழுக்கும், இன்னொன்று பின்னே இழுக்கும்; சக்கரம் பேய் பிடித்ததுபோல் ஆடும். மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை என்று மாட்டிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

கண்ட்ரோலரில் தானாகக் கற்றுக்கொள்ளும் ஒயர் ஜோடி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதை இணைத்துச் சாவி போட்டால் சக்கரம் மெதுவாகச் சுழன்று வரிசையைத் தானே கண்டுபிடிக்கும். பின்னோக்கிச் சுழன்றால் ஒரு முறை பிரித்து மறுபடி இணைத்தால் திசை மாறும். அதன் பிறகு அந்த ஒயரைப் பிரித்துவிட வேண்டும்.

அது இல்லையென்றால் கையால்தான். முதலில் சென்சார்கள் உயிரோடு இருக்கின்றனவா பாருங்கள். ஹால் கனெக்டர் மாட்டியபடி, கருப்பில் ஒரு முனையும் சிக்னல் ஒயர் ஒன்றில் இன்னொரு முனையும் வைத்து, சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகத் திருப்புங்கள். எண் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் மாறி மாறிக் குதிக்க வேண்டும். மூன்று ஒயருக்கும் இப்படியே. ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த சென்சாரோ அதன் ஒயரோ போயிற்று. இன்னொரு அடையாளம்: வழக்கமான 120 டிகிரி அமைப்பில் மூன்று சிக்னலும் ஒரே நேரத்தில் மேலேயோ ஒரே நேரத்தில் கீழேயோ இருக்காது. அப்படிக் காட்டினால் எங்கோ தவறு.

சென்சார்கள் சரி என்றால் ஹால் ஒயர்களை அப்படியே விட்டு, ஃபேஸ் ஒயர்களை மட்டும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். மொத்தம் ஆறு வரிசைதான். அதில் ஒன்றில் மட்டும் மோட்டார் அமைதியாக ஓடும். மற்ற சிலவற்றிலும் சுழலக்கூடும். ஆனால் சத்தம் போடும், கரண்டைக் குடிக்கும். டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஏமாற மாட்டீர்கள். சுமையில்லாமல் சுழலும் சக்கரம் சில ஆம்பியர்தான் இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், ஒரு நொடிக்கு மேல் வேண்டாம். ஒயரை மாற்றும் முன் ஒவ்வொரு தடவையும் பேட்டரியைப் பிரியுங்கள். சரியான வரிசை கிடைத்து, சக்கரம் பின்னால் ஓடினால் ஹாலில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி, மறுபடி அந்த ஆறையும் தேடுங்கள். வேர்க்கும்தான். கிடைத்ததும் ஒரு காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று இப்படி நடுங்கினால் வரிசையை மாற்றாதீர்கள். அது நேற்றுவரை சரியாகத்தானே இருந்தது. அச்சைப் பாருங்கள். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும் அதே பலத்தில் அச்சைப் பின்னே திருகுகிறது. நட் கொஞ்சம் இளகி, அச்சே உருண்டுவிட்டால், அதன் உள்ளிருந்து வரும் ஒயர்கள் முறுக்கி அறுந்துவிடும். பழைய ஸ்கூட்டர்களில் எஞ்சின் உறையே பின்சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுக் கை செய்து போட்டவர்கள், அச்சின் தட்டையான பக்கத்தை இறுகப் பிடிக்கும் தடித்த இரும்புத் தகட்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். வாஷர் அந்த வேலையைச் செய்யாது.

சாவி அணைந்திருக்கும்போதும் சக்கரம் கனமாகச் சுழல்கிறது

மூன்று ஃபேஸ் ஒயர்களையும் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். சக்கரம் லேசாகிவிட்டால் கண்ட்ரோலருக்குள் ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) ஷார்ட் ஆகியிருக்கிறது. இந்த ஒரு இடத்தில் கண்ட்ரோலரைத் தாராளமாகக் குறை சொல்லலாம். அப்போதும் கனமாகவே இருந்தால் டிரம்முக்குள் பிரேக் ஷூ உரசுகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மோட்டார் காயிலோ, அச்சுக்குள் ஒயரோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

சமதளத்தில் ஓடுகிறது, மேட்டில் அணைந்துவிடுகிறது

எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்பதைக் கவனியுங்கள். சாவியை அணைத்துப் போட்ட உடனே வந்தால் அது பேட்டரிப் பக்கம். பத்து நிமிடம் ஆறிய பிறகு வந்தால் அது சூடு.

பேட்டரிப் பக்கம் என்றால், கண்ட்ரோலர் எவ்வளவு கரண்ட் கேட்கிறது, பி.எம்.எஸ். எவ்வளவு விடுகிறது என்று இரண்டின் லேபிளையும் படியுங்கள். 60 ஆம்பியர் கண்ட்ரோலரை 40 ஆம்பியர் பி.எம்.எஸ்.ஸில் மாட்டினால் மேட்டில் அணையாமல் வேறென்ன செய்யும்? கண்ட்ரோலரின் வரம்பைக் குறையுங்கள். இரண்டும் பொருந்தியிருந்தும் அணைகிறது என்றால் ஒரு செல் தளர்ந்திருக்கலாம். நிற்கும்போது எல்லாச் செல்லும் ஒரே வோல்டேஜ் காட்டும். சுமை ஏறும்போது ஒன்று மட்டும் தடாலென்று இறங்கும், அந்த ஒன்றுக்காக பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்தும். ப்ளூடூத் உள்ள பி.எம்.எஸ். என்றால் மேடு ஏறிவிட்டு அதன் பதிவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இணைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு லக்கின் (ஒயர் நுனியில் அழுத்திய உலோக முனை) உறைமேலும் விரலை வைத்துப் பாருங்கள். 40 ஆம்பியர் ஓடும்போது ஒரு இணைப்பில் 0.1 வோல்ட் இழந்தால் அங்கே 4 வாட் சூடு. ஒரு சுண்டைக்காய் அளவு உலோகத்துக்கு அது அதிகம். சூடானால் இளகும், இளகினால் இன்னும் சூடாகும். லக்கை சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தியிருக்க வேண்டும். சுத்தியலால் தட்டியது செல்லாது.

சூட்டின் கதை வேறு. அந்த எஞ்சின் பக்க மூடிக்குள்தான் இருந்தது, எப்படிக் குளிர்ந்தது? ஃப்ளைவீலில் இருந்த விசிறி காற்றை இழுத்து சிலிண்டர் மேல் தள்ளியது. எஞ்சினோடு அந்த விசிறியும் போய்விட்டது. இப்போது அதே மூடிக்குள் கண்ட்ரோலரை வைத்தால் அது அடைத்த அறை. கண்ட்ரோலரின் அலுமினிய முதுகை வண்டியின் உலோகத்தோடு நேராகப் பொருத்துங்கள். இடையில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெப்பப் பசை தடவுங்கள். மூடியின் கீழேயும் பின்னேயும் காற்றுக்கு வழி விடுங்கள். மோட்டாரைத் தொட முடியாத அளவுக்குச் சூடானால் கரண்டைக் குறையுங்கள். காந்தங்கள் ஒருமுறை பலம் இழந்தால் ஆறிய பிறகும் அது திரும்பாது.

ஹேண்டிலைத் திருப்பினால் அணைகிறது, மழைக்குப் பிறகு தடுமாறுகிறது

ஒயர்கள் ஸ்டியரிங் கழுத்து வழியாக ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய ரப்பர் வளையம் எப்போதோ உதிர்ந்திருக்கும். புது வளையம் போட்டு, ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்ப ஒயரில் தளர்வு விடுங்கள். மழைக் கோளாறு பெரும்பாலும் ஹால் கனெக்டரில் சேரும் ஈரம். காயவைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மோட்டாருக்குப் போகும் கேபிள் அச்சுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பல்பு பட்டென்று போகிறது, ஹாரன் ஊதவில்லை, பாடியைத் தொட்டால் சுருக்கென்கிறது

பல பழைய ஸ்கூட்டர்களில் விளக்குகள் 6 வோல்ட் ஏசியில் ஓடின. மேக்னெட்டோவே அதைக் கொடுத்தது. திரும்பும் வழியாக பாடியே இருந்தது. நீங்கள் பேட்டரி வோல்டேஜை 12 வோல்ட் டிசியாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டால் பழைய பல்பு பொசுங்கும். பழைய ஏசி ஹாரன் ஒரே ஒரு 'டக்' போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டையும் 12 வோல்ட் டிசி வகைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள்.

சுருக்கென்பது அப்படி அல்ல, அதைத் தள்ளிப்போடக் கூடாது. மலிவான கன்வெர்ட்டர்களில் பேட்டரியின் மைனஸும் 12 வோல்ட் மைனஸும் உள்ளே ஒன்றுதான். 12 வோல்ட் மைனஸை வழக்கம்போல பாடியில் கொடுத்தால், பெரிய பேட்டரியின் மைனஸும் பாடிக்கு வந்துவிடும். பிறகு எங்காவது பிளஸ் ஒயரின் தோல் உரிந்து ஃபிரேமைத் தொட்டால் அதுவே நேர் ஷார்ட். சோதனை எளிது: பேட்டரி பிளஸுக்கும் பாடிக்கும் இடையே அளக்கவும், அடுத்து மைனஸுக்கும் பாடிக்கும் இடையே. இரண்டு எண்ணும் பூஜ்யத்தை நோக்கி நழுவினால் நிம்மதி. ஒன்றில் முழு பேட்டரி வோல்டேஜ் நின்றால் மறுமுனை பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த கன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும். சார்ஜ் போடும்போது மட்டும் சுருக்கென்றால் சார்ஜரின் மூன்றாவது பின்னையும் சுவரில் உள்ள எர்த்தையும் பாருங்கள்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது சீக்கிரம் தீர்கிறது

சார்ஜரின் வெளியீட்டு எண்ணைப் படியுங்கள். 84 வோல்ட் பேட்டரியில் 87.6 வோல்ட் சார்ஜரைச் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.38 வோல்ட்டை நோக்கிப் போகும், பி.எம்.எஸ். தடுக்கவில்லை என்றால் நெருப்புதான். எண் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் சார்ஜிங் துளையின் சிறு ஃபியூஸ். பேட்டரி உப்பியிருந்தால், இனிப்பு வாடை வந்தால், வெளியே திறந்தவெளியில் வைத்துவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

சீக்கிரம் தீர்கிறது என்பவர்கள் முதலில் கணக்குப் போடட்டும். 72 வோல்ட், 30 ஆம்பியர் மணி என்றால் 2160 வாட் மணி. கிலோமீட்டருக்கு 35 வாட் மணி செலவானால், பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டு சுமார் 49 கி.மீ. அதைவிட மிகக் குறைவாக வந்தால் மட்டும் டயர் காற்று, உரசும் பிரேக், இறுகிய பேரிங் என்று போங்கள். முழு சார்ஜோடு உடனே இறக்கத்தில் இறங்கும்போது மோட்டார் பிரேக் போட்டு வண்டி அணைந்தால் அது பழுதே அல்ல: திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இல்லை.

ஸ்பீடாமீட்டர் முள் ஆடுகிறது

முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டி என்றால் இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. கேபிளைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.